மூன்று மணி நேர விருந்தும் இரண்டு நிமிடக் காணொளியும்

வாசகர் கேள்வி:

ஓர் அலுவலகத்தில் மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் ஆண்டிறுதிக் கொண்டாட்டம் இன்னும் மூன்று வாரங்களில் நடக்கவிருக்கிறது. ஏறத்தாழ 120 பேர் கலந்துகொள்வார்கள். அதை ஒரு ஹைலைட்ஸ் வீடியோவாக்கும் பொறுப்பை இந்த ஆண்டும் என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். கடந்த ஆண்டு பலரும் கைப்பேசியில் எடுத்து அனுப்பியவற்றைச் சேர்த்து 11 நிமிடத்தில் ஒன்றைச் செய்தேன். எல்லோரும் பாராட்டினார்கள், ஆனால் யாரும் அதை முழுமையாகப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். படம் இருட்டாக இருந்தது, பேச்சு சரியாகக் கேட்கவில்லை. சக ஊழியர் ஒருவர் தான் ஆடிய காட்சியை நீக்கச் சொன்னார். தொழில்முறை ஒளிப்பதிவாளரை அமர்த்த இம்முறையும் நிதி இல்லை. என்னிடம் இருப்பவை இரண்டு கைப்பேசிகள், ஒரு மடிக்கணினி, இலவச மென்பொருள் ஆகியவை மட்டுமே. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்:

வணக்கம்.

நீளம், இருட்டு, ஒலி என்ற மூன்று குறைகளையும் விவரமாகச் சொல்லிவிட்டு, சக ஊழியர் தன் நடனத்தை நீக்கச் சொன்னதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். என் பார்வையில் முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான். மற்ற மூன்றும் கைப்பேசியை எங்கே வைப்பது, எந்த இடத்தில் வெட்டுவது என்பன போன்ற தொழில்நுட்பக் கேள்விகள். இதுவோ காணொளி யாருக்காக எடுக்கப்படுகிறது என்ற கேள்வி. விளம்பரப் படத்தில் நடிப்பவர் வேறு, பார்ப்பவர் வேறு. அலுவலகக் கொண்டாட்டத்தின் காணொளியில் தோன்றுகிறவர்களும் அதைப் பார்க்கப்போகிறவர்களும் ஒரே மனிதர்கள். ஒவ்வொருவரும் முதலில் தன் முகத்தைத் தேடுவார். அடுத்ததாகத் தன் பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைத் தேடுவார். மேடையையும் அலங்காரத்தையும் அவர்கள் நேரிலேயே பார்த்துவிட்டார்கள். அவர்கள் பார்க்காதவை, தாங்கள் சிரித்தபோது எப்படி இருந்தோம் என்பதும், தங்கள் பெயர் அழைக்கப்பட்டபோது பின்வரிசையில் யார் எழுந்து கைதட்டினார்கள் என்பதும்தான். அவற்றைக் காட்டுவதே உங்கள் வேலை என்று முடிவு செய்துகொண்டால், எதை எடுப்பது, எதை விடுவது, எதைக் கேட்டுவிட்டுச் சேர்ப்பது என்ற பல குழப்பங்கள் தாமாகவே தீர்ந்துவிடும்.

கடந்த ஆண்டு 11 நிமிடம் ஆனதன் காரணத்தையும் என்னால் ஊகிக்க முடிகிறது. மேலாளரின் உரை முழுமையாக இருக்க வேண்டும், விருது பெற்ற அனைவரும் வர வேண்டும், எந்தப் பிரிவும் விடுபடக் கூடாது என்று ஆளுக்கொரு கோரிக்கை வந்திருக்கும். அத்தனையையும் நீங்கள் ஒரே காணொளிக்குள் அடைத்திருப்பீர்கள். இம்முறை அவற்றைப் பிரித்துவிடுங்கள். உரையை வெட்டாமல் தனிக் கோப்பாக வைத்துவிடுங்கள். கேட்க விரும்புகிறவர்கள் கேட்கட்டும். விருது பெறும் காட்சிகளுக்குப் புகைப்படத் தொகுப்பு போதும். ஹைலைட்ஸ் காணொளி 2 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இந்த அளவில் எல்லோரையும் காட்ட முடியுமா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தலைப்புக்கும் முடிவுக்கும் 10 வினாடி போக 110 வினாடி மிஞ்சுகிறது, ஒரு ஷாட் சராசரியாக இரண்டரை வினாடி என்றால் 44 ஷாட்டுகள். ஒரு ஷாட்டில் மூன்று முகங்கள் தெளிவாகத் தெரிந்தால் 132 பேர். ஆக, இரண்டு நிமிடத்துக்குள் உங்கள் அலுவலகமே அடங்கிவிடும். அதற்கு ஒரே நிபந்தனை, ஒருவரையே ஆறு முறை காட்டாமல் இருப்பது. கேமராவைப் பார்த்தவுடன் கையசைத்துச் சிரிக்கிறவர்கள் எந்த அலுவலகத்திலும் பத்துப் பேர் இருப்பார்கள். கவனிக்காவிட்டால் காணொளி அவர்களுடையதாகிவிடும். எனவே பிரிவு வாரியாக ஒரு பெயர்ப் பட்டியலைத் தயாரித்துக்கொண்டு, விருந்தின் பாதியில் ஒரு முறையும் எடிட்டிங்கின் முடிவில் ஒரு முறையும் யார் இன்னும் வரவில்லை என்று சரிபாருங்கள். அவர்கள் பெரும்பாலும் ஓரத்து மேசையில் அமைதியாக அமர்ந்திருப்பவர்களாகவே இருப்பார்கள்.

இனி ஒப்புதலுக்கு வருகிறேன். விருந்துக்கான அழைப்பிலேயே மூன்று செய்திகளைத் தெளிவாக எழுதுங்கள்: படம் எடுக்கப்படும்; அது எங்கே வெளியாகும்; விருப்பமில்லாதவர் யாரிடம், எப்போதுக்குள் சொல்ல வேண்டும். இவற்றுள் இரண்டாவதைத்தான் பலரும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அலுவலக உள்வலைத்தளத்தில் சக ஊழியர்கள் மட்டும் பார்ப்பதற்கு ஒருவர் சம்மதிப்பது வேறு, சமூக ஊடகத்தில் உலகமே பார்ப்பதற்குச் சம்மதிப்பது வேறு. அடையாளம் காணக்கூடிய முகத்தைத் தனிப்பட்ட தரவாகக் கருதும் சட்டங்கள் இன்று பல நாடுகளில் நடைமுறையில் இருக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவிடம் ஒரு மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்வது உங்களுக்கே பாதுகாப்பு. வேண்டாம் என்று சொன்னவர்களின் பெயர்கள் படமெடுப்பவரிடம் இருக்க வேண்டும். அவர்களிடம் காரணம் கேட்கக் கூடாது. ஊழியர்களின் குழந்தைகள் வருவார்கள் என்றால் பெற்றோரின் சம்மதத்தைத் தனியாகப் பெறுங்கள்.

நடனம், விளையாட்டு, கையில் மதுக் கோப்பை ஆகியவை வரும் காட்சிகளுக்கு இந்தப் பொதுவான ஒப்புதல் போதாது. மனிதர்கள் தங்களை மறக்கும் தருணம்தான் நல்ல காட்சி; அந்தத் தருணத்தைப் பிறகு பார்த்து வருந்துவதும் அவர்களேதான். அப்படிப்பட்ட ஷாட்டை இறுதித் தொகுப்பில் வைப்பதற்கு முன், சம்பந்தப்பட்டவருக்கு அந்தச் சில வினாடிகளை மட்டும் அனுப்பி, வைக்கலாமா என்று கேட்டுவிடுங்கள். அநேகர் சரி என்பார்கள். மறுக்கிறவரின் காட்சியை எடுத்துவிட்டால் படம் ஒன்றும் குறைந்துவிடாது. கூடவே, அலுவலக வளாகத்திலேயே விருந்து நடந்தால் பின்னணியில் இருக்கும் வெள்ளைப் பலகை, திறந்திருக்கும் கணினித் திரை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை ஆகியவற்றின் மீதும் ஒரு கண் இருக்கட்டும். இந்தக் காரணத்தாலேயே ஒரு காணொளியைப் பொதுவெளியில் வெளியிட முடியாமல் போகலாம்.

இருட்டு பற்றி. கைப்பேசியில் ஒளியைப் படமாக்கும் உணரி சிறியது. அதற்கு வெளிச்சம் வேண்டும். விருந்து நடத்துகிறவர்களோ வெளிச்சத்தைக் குறைத்தால்தான் கொண்டாட்டமாக இருக்கும் என்று நம்புகிறவர்கள். இருவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் தேவை. முதல் ஒரு மணி நேரம் கூடத்தின் விளக்குகள் முழுமையாக எரியட்டும், அதன் பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முகங்கள் வேண்டிய ஷாட்டுகளில் பெரும்பகுதியை அந்த ஒரு மணி நேரத்திலேயே எடுத்து முடித்துவிடலாம். மேடை விளக்குகள் வண்ணமயமாகச் சுழலத் தொடங்கியபின் ஆட்களை நிழலுருவாக எடுங்கள். அதற்கு அந்த ஒளி அழகாகப் பொருந்தும். நீல ஒளியிலும் சிவப்பு ஒளியிலும் நனைந்த முகத்தை எந்தக் கலர் கரெக்‌ஷனாலும் மீட்க முடியாது.

கைப்பேசியில் உள்ள லென்ஸ்களில் ‘1 எக்ஸ்’ என்று குறிக்கப்பட்ட முதன்மை லென்ஸையே பயன்படுத்துங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் பெரிய உணரியும் ஒளி புகும் அகன்ற துவாரமும் அதற்குத்தான் உண்டு. அகலக் கோண லென்ஸ் இருட்டில் புள்ளி புள்ளியாகப் படம் தரும். ஓரத்தில் நிற்பவர்களின் முகத்தை இழுத்துவிடும். ஜூம் செய்வதற்குப் பதிலாக நடந்து அருகில் செல்லுங்கள். வினாடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்) என்ற அமைப்பைக் கூடத்துக்குள் தவிர்த்துவிடுங்கள். 30 ஃபிரேமில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிகபட்சம் 1/30 வினாடி ஒளி கிடைக்கும். 60 ஃபிரேமில் அதில் பாதிதான் கிடைக்கும். ஸ்லோ மோஷன் வேண்டுமென்றால் இரண்டு மூன்று ஷாட்டுகளை மட்டும், வெளிச்சம் நன்றாக உள்ள இடத்தில், 60 ஃபிரேமில் எடுத்து எடிட்டிங் மென்பொருளின் 30 ஃபிரேம் டைம்லைனில் பாதி வேகத்தில் ஓட்டலாம். படத்தில் கிடைமட்டப் பட்டைகள் ஓடுவது போலத் தெரிந்தால் அது விளக்குகளின் துடிப்பு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் விளக்கின் ஒளி வினாடிக்கு 100 முறையும், 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 120 முறையும் ஏறி இறங்கும். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி விழும் நேரத்தை, கையால் அமைக்கும் வசதி உள்ள செயலியில் முதல் வகை நாட்டில் 1/50 அல்லது 1/100 என்றும், இரண்டாம் வகை நாட்டில் 1/60 அல்லது 1/120 என்றும் வைத்தால் பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். இத்தனை அமைப்புகளையும் சரிசெய்துவிட்டு, லென்ஸின் மேல் படிந்த விரல் பிசுக்கைத் துடைக்க மறப்பவர்கள் உண்டு. கடந்த ஆண்டின் மங்கலில் ஒரு பங்கு அதனுடையதாகவும் இருக்கலாம்.

எதை எடுப்பது என்பதில் ஒரே ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொண்டால் போதும்: எல்லோரும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அதற்கு எதிர்ப்பக்கம் திரும்புங்கள். விருது பெறுபவரின் பெயர் அறிவிக்கப்படும்போது அறிவிப்பவரை இரண்டாவது கைப்பேசி ட்ரைபாட் மீது நின்று தானாகவே பதிவு செய்துகொண்டிருக்கும். உங்கள் கையில் உள்ள கைப்பேசி கூட்டத்தின் மீது இருக்கட்டும். யாருக்கு விருது என்பது மனிதவளப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் அல்லவா? அந்த மேசைக்கு அருகில் சென்று காத்திருங்கள். அவருடைய முகம் மாறுவது, பக்கத்தில் இருப்பவர் அவர் முதுகில் தட்டுவது, அவர் எழுந்து நாற்காலியைத் தள்ளுவது ஆகிய மூன்று வினாடிகள், மேடையில் கைகுலுக்கி நிற்கும் முப்பது வினாடிகளை விட விலையுயர்ந்தவை. ஒவ்வொரு ஷாட்டையும் குறைந்தது 10 வினாடி அசையாமல் பிடியுங்கள். கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை கைப்பேசியைச் சுழற்றிக்கொண்டே போகும் ஷாட்டை எல்லோரும் எடுக்கிறார்கள், எடிட்டிங்கில் எவரும் பயன்படுத்துவதில்லை. விருந்தினர் வருவதற்கு முந்தைய அரை மணி நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். நாற்காலிகளை வரிசைப்படுத்துகிறவர்கள், மைக்கைச் சோதிப்பவர்கள், பரிசுப் பொதிகளைக் கட்டுகிறவர்கள் ஆகியோர் மாலை முழுவதும் உழைத்துவிட்டு எந்தப் படத்திலும் இல்லாமல் போகிறவர்கள்.

காணொளி அகலவாக்கில் இருக்க வேண்டுமா, உயரவாக்கில் இருக்க வேண்டுமா என்பதை அது எங்கே ஓடப்போகிறது என்பதைக் கொண்டு முடிவு செய்யுங்கள். கூட்ட அரங்கின் திரை, உள்வலைத்தளம் என்றால் அகலவாக்கு. பிறர் அனுப்பும் கிளிப்புகள் உயரவாக்கில் இருந்தால் இருபுறமும் மங்கலாக்கி நிரப்ப வேண்டாம். அது பார்ப்பவரின் கண்ணை நடுவில் ஒரு குறுகிய சந்துக்குள் நிறுத்திவிடும். 1920 பிக்சல் அகலமும் 1080 பிக்சல் உயரமும் கொண்ட திரையில், உயரத்தை முழுமையாக நிரப்பும் ஓர் உயரவாக்குக் கிளிப்பின் அகலம் ஏறத்தாழ 608 பிக்சல். எனவே மூன்று கிளிப்புகளை அருகருகே வைத்து, ஒவ்வொன்றையும் மிகச் சிறிதளவு பெரிதாக்கினால், திரை இடைவெளியின்றி நிரம்பிவிடும். மூன்று மேசைகளில் ஒரே நேரத்தில் எழுந்த சிரிப்பை இப்படிக் காட்டினால் அது திட்டமிட்டுச் செய்ததைப் போலவே இருக்கும்; நூற்றுக்கும் மேற்பட்ட முகங்களைக் காட்ட வேண்டிய உங்களுக்கு இடமும் மிச்சமாகும்.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியவில்லை என்றால் அந்த நொடியே வேறு வேலைக்குப் போய்விடுவார். கூடத்தின் நடுவிலிருந்து கைப்பேசியில் பதிவான உரை புரியாமல் போவதற்குக் காரணம் தூரம். மைக்குக்கும் பேசுகிறவருக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு மடங்கானால், நேராக வந்து சேரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. ஆனால் சுற்றியுள்ள இரைச்சலும் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அப்படிக் குறைவதில்லை. எனவே எங்கிருந்தாவது மூன்றாவதாக ஒரு கைப்பேசியை இரவல் வாங்கி, அதன் குரல் பதிவுச் செயலியை இயக்கி, விமானப் பயன்முறையில் போட்டு, பேசுகிறவரின் மேசையிலேயே வைத்துவிடுங்கள். ஒலிபெருக்கியின் முன்னால் வைக்க வேண்டாம். அங்கே ஒலி உடைந்து பதிவாகும். உடைந்த ஒலியை ஒட்ட வழியில்லை. ஒலி அமைப்பாளர் நட்பானவராக இருந்தால் மைக்குகளின் ஒலி வந்து சேரும் அவருடைய மிக்ஸர் கருவியிலிருந்தே ஒரு பதிவைக் கேட்டு வாங்கலாம். பதிவு தொடங்கியபின் கேமராவுக்குத் தெரியும்படி ஒரு முறை கைதட்டிவிட்டால், எடிட்டிங்கில் அந்தத் தட்டலை அடையாளமாக வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்தலாம். கேமரா வெகு தொலைவில் இருந்தால் ஒலி சற்றுப் பிந்தி வந்து சேர்வதையும் நினைவில் கொள்ளுங்கள். 14 மீட்டர் தூரத்துக்கு அது வினாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் ஒரு ஃபிரேம் அளவு பிந்தும்.

உரையை விடவும் உங்களுக்குப் பயன்படப்போவது, அமைதியான ஓர் ஓரத்தில் எட்டுப் பத்துப் பேரிடம் நீங்கள் பெறும் சிறு பதில்கள்தான். கூடத்துக்கு வெளியே உள்ள நடைபாதை போதும். ‘விருந்து எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்ற ஒரே பதில் பத்து முறை வரும். ‘இந்த ஆண்டு உங்கள் வேலையை எளிதாக்கியவர் யார், என்ன செய்தார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பெயர் வரும், நிகழ்ச்சி வரும், சில நேரங்களில் கண்ணும் கலங்கும். கேள்வி காணொளியில் இடம்பெறாது என்பதால் கேள்வியையும் சேர்த்து முழு வாக்கியமாகப் பதில் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர், நீண்ட காலம் பணியாற்றியவர், பொதுவாகக் கூட்டங்களில் வாய் திறக்காதவர் என்று வகைக்கு ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பதில் சொன்னவர் பெயர் குறிப்பிட்ட மனிதரை அன்று மாலையே தேடிப் பிடித்து ஒரு ஷாட் எடுத்துவிட்டால், எடிட்டிங்கில் குரல் ஒருவருடையதாகவும் முகம் மற்றவருடையதாகவும் இருக்கும்படி சேர்க்கலாம். காணொளியின் முதுகெலும்பு இதுதான். கூடத்தின் பொதுவான சலசலப்பு, கைதட்டல், பெருஞ்சிரிப்பு ஆகியவற்றையும் தனித்தனியே ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டுகளுக்கு இடையே ஒலி துண்டு துண்டாகத் தெரியாமல் மூடி மறைப்பதற்கு அவை பயன்படும்.

பின்னணி இசைக்கு எல்லோருக்கும் பிடித்த ஒரு திரைப்பாடலைப் போடச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். படத்தோடு ஒரு பாடலை இணைக்க, பாடலை இயற்றியவர்களின் உரிமையாளரிடமும் ஒலிப்பதிவின் உரிமையாளரிடமும் தனித்தனியே அனுமதி வேண்டும். செயலிக்குக் கட்டணம் செலுத்தி நீங்கள் பாடல் கேட்பது அந்த அனுமதி ஆகாது. 30 வினாடிக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் தவறில்லை என்று பலர் நம்புவதற்கும் அடிப்படை இல்லை. நிறுவனத்தின் பெயரில் வெளியாகும் காணொளி என்பதால் பொறுப்பும் நிறுவனத்துடையதே. யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை கிடைக்கிறது. அதில் சில துண்டுகளுக்கு இசையமைப்பாளரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. படைப்பாளர்கள் நிபந்தனைகளோடு இலவச அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைப்பவற்றில் ‘என்சி’ என்ற எழுத்துகள் இருந்தால் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை. ‘என்டி’ என்று இருந்தால் படத்தோடு இணைப்பதற்கே தடை, ஏனெனில் இசையைக் காட்சியோடு பொருத்துவதே தழுவல் என்று அந்த உரிமம் கருதுகிறது. விருந்தில் பின்னால் ஒலித்துக்கொண்டிருந்த பாடல் உங்கள் கிளிப்பில் பதிவாகியிருந்தாலும் இதே சிக்கல்தான். பொதுவெளியில் வெளியிடும்போது தானியங்கிச் சோதனை அதையும் கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்ட கிளிப்புகளில் ஒலியை முழுமையாக நிறுத்திவிட்டு, முன்பு சொன்ன சலசலப்பையும் கைதட்டலையும் இடுங்கள்.

மறுநாள் காலையில் சக ஊழியர்களிடமிருந்து கிளிப்புகளைத் திரட்டும்போது வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த நேரம் முதலிய விவரங்களும் போய்விடும். பகிர்வுக் கோப்புறை ஒன்றை உருவாக்கி அதில் மூலக் கோப்பை ஏற்றச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்தான் வழி என்றால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். இடத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: ஐஃபோனில் 4கே (1080 அளவைப் போல நான்கு மடங்கு பிக்சல்கள்) அளவில் வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 மெகாபைட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 10 ஜிகாபைட். 1080 அளவில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. முகங்களை நெருக்கமாக வெட்டி எடுக்கும் சுதந்திரம் 4கேயில் கிடைக்கும் என்பதால், உங்கள் இரண்டு கைப்பேசிகளில் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். இன்னொரு தொல்லை, கைப்பேசிகள் இருட்டில் ஃபிரேம் வேகத்தைத் தாமாகவே மாற்றிக்கொள்வது. இதனால் நீண்ட உரைகளில் உதட்டசைவும் ஒலியும் மெல்ல விலகிப் போகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிய பின் எடிட்டிங்கைத் தொடங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே தாராளம். உங்கள் மடிக்கணினி திணறினால் ப்ராக்ஸி கோப்புகளை (அளவு குறைந்த தற்காலிக நகல்களை) உருவாக்கி வேலை செய்யுங்கள். முதல் நாளில் எதையும் வெட்டிச் சேர்க்காமல், எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்து, உங்களைச் சிரிக்கவோ நிமிர்ந்து உட்காரவோ வைத்த துண்டுகளை மட்டும் தனியே குறித்து வையுங்கள். அடுத்து, நடைபாதையில் பெற்ற பதில்களிலிருந்து நான்கைந்து வாக்கியங்களைத் தேர்ந்து முதலில் ஒலியை மட்டும் வரிசைப்படுத்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்போதே அது ஒரு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அதன் மேல் படங்களை அடுக்குவது பிறகு வரும் வேலை. நிகழ்ச்சி நடந்த வரிசையைப் பின்பற்ற வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மாலையின் மிகப் பெரிய சிரிப்பு எதுவோ அதிலிருந்தே தொடங்கலாம். அடுத்து தலைப்பு, அதன்பின் ஏற்பாடுகள், வருகை என்று பின்னோக்கிப் போகலாம். உங்கள் மேலாளரின் உரையிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் போதும். அது நிறுவனத்தின் வளர்ச்சி பற்றியதாக இல்லாமல், ஒரு மனிதரையோ குழுவையோ பெயர் சொல்லிப் பாராட்டியதாக இருக்கட்டும். அவர் இதனால் வருந்துவார் என்று அஞ்ச வேண்டாம். முழு உரையும் தனியே இருக்கிறது என்பது அவருக்கு ஆறுதல் தரும். மேலும், கூட்டம் சிரித்த இடத்தில் தன்னைப் பார்ப்பதை எந்த மேலாளரும் வெறுப்பதில்லை.

வெட்டும் இடங்களைப் பற்றி இரண்டே குறிப்புகள். நிமிடத்துக்கு 120 தாளம் உள்ள இசையில் நான்கு தட்டுகள் சரியாக இரண்டு வினாடி. ஷாட் மாறுவதைத் தட்டின் மீது வைத்தால் இயல்பாக ஓடும். ஆனால் ஒவ்வொரு வெட்டையும் தட்டின் மீதே வைத்தால் பத்தாவது வினாடியில் இயந்திரத்தனம் தெரிந்துவிடும். நான்கில் ஒன்றையாவது ஒரு சிரிப்பின் மீதோ திரும்பிப் பார்க்கும் தலையின் மீதோ வையுங்கள். அடுத்த காட்சியின் ஒலியை அரை வினாடி முன்னதாகவே கேட்க வைத்துவிட்டுப் பிறகு படத்தைக் காட்டினால் வெட்டு தெரியாது. பக்கம் புரள்வது, பெட்டியாகச் சுழல்வது போன்ற டிரான்சிஷன்களை மென்பொருள் இலவசமாகத் தருகிறது என்பதற்காகப் பயன்படுத்த வேண்டாம். மென்பொருளின் ஒலி அளவுகோலில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபெல்லுக்குள் நிற்கட்டும். பேச்சு வரும் இடங்களில் இசை அதைவிட 15 டெசிபெல் அளவுக்குத் தாழ்ந்திருக்கட்டும். பலர் இதைத் தங்கள் இருக்கையிலிருந்து ஒலியை நிறுத்திவிட்டே பார்ப்பார்கள். ஆகையால் பேச்சுக்குச் சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். காது கேளாத சக ஊழியர் இருந்தால் கைதட்டல், சிரிப்பு ஆகியவற்றையும் எழுத்தில் குறிப்பிடுங்கள். பெயர்களின் எழுத்துகளை உங்கள் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் வெளியிடாதீர்கள்.

முதல் வடிவம் முடிந்ததும் விருந்துக்கு வராத ஒருவரிடம் காட்டுங்கள். அவர் கைக்கடிகாரத்தையோ கைப்பேசியையோ பார்க்கும் வினாடியைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஷாட்டை நீக்குங்கள். பிறகு வெவ்வேறு பிரிவுகளைச் சேர்ந்த இருவரிடம் காட்டி, யாருக்காவது சங்கடம் தரக்கூடிய காட்சி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இசை பிடித்திருக்கிறதா, எழுத்துரு அழகாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்டால் ஆளுக்கொரு கருத்து வந்து காணொளி மீண்டும் 11 நிமிடத்தை நோக்கி வளரும். எக்ஸ்போர்ட் செய்யும்போது எச்.264 என்ற காணொளிச் சுருக்க முறை, 1080 அளவு, வினாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் இரண்டு நிமிடக் காணொளி ஏறத்தாழ 120 மெகாபைட் வரும். உள்வலைத்தளத்துக்கும் யூடியூப்புக்கும் அது பொருந்தும்.

இதை மூன்று நான்கு நாள்களுக்குள் முடித்துவிடப் பாருங்கள். விடுமுறை முடிந்து எல்லோரும் புத்தாண்டு வேலைக்குள் மூழ்கிய பிறகு வரும் விருந்துக் காணொளியை எவரும் திறப்பதில்லை. கோப்பையே அனைவருக்கும் அனுப்பாமல் இணைப்பை மட்டும் பகிருங்கள். வெளியான பிறகு எவரேனும் தன் காட்சியை எடுக்கச் சொன்னால், அதே இணைப்பில் திருத்திய வடிவத்தை வைத்துவிட இது உதவும். கைக்குக் கை பரவிய கோப்பைத் திரும்பப் பெற முடியாது. பொதுவான காணொளித் தளங்கள் சிலவற்றில், யூடியூப் உட்பட, ஏற்றிய கோப்பை அதே முகவரியில் மாற்ற இயலாது என்பதால், மாற்ற அனுமதிக்கும் உள்வலைத்தளத்திலோ பகிர்வுக் கோப்புறையிலோ முதலில் வெளியிடுங்கள். ஒரு மாதம் வரை எடிட்டிங் கோப்பையும் மூலக் கிளிப்புகளையும் வைத்திருங்கள். அதன்பின் இறுதி வடிவத்தை மட்டும் பாதுகாத்துக்கொண்டு, பயன்படுத்தாத கிளிப்புகளையும் பிறர் ஏற்றிய பகிர்வுக் கோப்புறையையும் அழித்துவிட்டு, அழித்ததை அனைவருக்கும் ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள்.